அவள் கண்ட பொருட்காட்சி

கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல் உட்கார்ந்து, தொடையில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருப்பாள் என் மனைவி. இரும்புலியூரில் எங்கள் தெருமுனை அடிபம்பில் விடியும்போதே குடங்கள் வரிசை கட்டிவிடும். முறை வரும்வரை அவளுக்கு எழுதும் நேரம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எட்டாவதோடு நின்றவள், கல்யாணத்துக்குப் பிறகு தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுகிறேன் என்றாள். தேறினால் சத்துணவுக் கூட அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம். நான் ஐந்தாவது வரை படித்தவன், தாம்பரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. டுடோரியலில் சேர்த்துவிட்டதைத் தவிர என்னால் அவளுக்கு ஆகக்கூடியது எதுவும் இல்லை.

"இன்னா கலெக்டரம்மா, உன் கொடம் நவுரவே இல்ல. நாங்க வந்து தள்ளணுமா?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

"தள்ளுக்கா. உன்னப் பத்திதான் எழுதிக்கினு கீறேன்," என்பாள் இவள்.

உண்மையிலேயே அப்படித்தான் எழுதினாள். பம்படிச் சண்டை, ரயில்வே கேட்டில் நகர மறுத்த எருமை, என் சட்டையில் தீப்பொறி போட்ட ஓட்டைகள் என்று அன்றாடம் ஒரு பக்கம். படித்துக் காட்டினால் அவள் பேசுவது போலவே இருக்கும்.

டுடோரியலில் வேறு வழக்கம். கட்டுரை என்றால் சார் எழுதிப்போடும் கட்டுரைதான். 'நான் கண்ட பொருட்காட்சி' கட்டாயம் வரும் என்று சொல்லி எல்லாரையும் அதை மனப்பாடம் செய்யச் சொன்னார். இவளுக்கு மனம் ஒப்பவில்லை. "பார்க்காதத பார்த்தேன்னு எப்டிங்க எழுதறது?" என்றாள். எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலேறி அவளைத் தீவுத்திடலுக்குக் கூட்டிப்போய்ப் பொருட்காட்சியைக் காட்டினேன்.

மறுநாளே பம்படியில் உட்கார்ந்து எழுதிவிட்டாள். அரங்குகளைப் பற்றி ஒரு வரிதான். காணாமல் போன பிள்ளையின் பெயரை மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல, அந்தப் பிள்ளை மேடைக்குக் கீழேயே பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்ததை எழுதியிருந்தாள். ராட்டினம் உச்சியில் நின்றபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கீழ வந்தா சொல்லு," என்றதையும் விடவில்லை. கேட்டுச் சிரித்தேன், வெட்கமாகவும் இருந்தது. என்னை யாரும் அவ்வளவு கவனித்துப் பார்த்தது கிடையாது.

சார் படித்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் ராட்டினம் ஏறின கதைக்கு யாரும்மா மார்க் போடுவாங்க? நான் குடுத்தத எழுது, பாஸாயிடுவ," என்றாராம். கெட்ட மனிதர் அல்ல. அவர் சொன்னபடி எழுதித் தேறியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டையும் என் முன்னால் வைத்து, "எத எழுதட்டும், சொல்லுங்க," என்றாள். சாருடையதில் பாதிச் சொற்கள் எனக்குப் புரியவில்லை. புரியாததாலேயே உசத்தி என்று பட்டது. அவளுடையது முழுக்கப் புரிந்தது. எனக்கே புரிகிற ஒன்று பரீட்சைக்கு ஆகுமா? "எனக்கு இன்னா தெரியும்," என்றேன். அவள் சாரின் தாளை எடுத்துக்கொண்டாள். அதன்பின் பம்படியில் அவள் எழுதவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

தமிழ்ப் பரீட்சையன்று பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். வெளியே வந்தவள், "பொருட்காட்சிதாங்க வந்துது," என்றாள்.

"எழுதிட்டியா?"

"பாதி எழுதினேன். அப்பால அடுத்த வரி வரல. சரி, என்னுத எழுதலாம்னு பார்த்தேன். அதுவும் வரல. நான் எழுதினதயே யாரோ எழுதினத தேடற மாதிரி தேடிக்கினு இருந்தேன்."

மற்ற எல்லாவற்றிலும் தேறி, தமிழில் நாலைந்து மார்க்கில் தவறினாள். மறுபடி எழுதச் சொன்னேன். "பாக்கலாம்," என்றாள். அடுத்த வருஷம் மகன் பிறந்தான்.

இத்தனை வருஷம் கழித்து இதை நான் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து இன்று பக்கத்தில் வந்து நின்றாள். "நீ எழுதினா இன்னும் நல்லாருக்கும்," என்றேன்.

"எனக்கு எழுதறதுக்கு ஒண்ணும் தோணறதில்லீங்க," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பம்படியில் எழுதிய காலத்தில், தோன்றாத நாள் ஒன்றுகூட அவளுக்கு இருந்ததில்லை. அதை அவளே நம்புகிறாற்போல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.