நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

கொத்தனாரின் மகளுக்குக் கட்டடப் பொறியியல் வகுப்பில் வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு’. இணையக் கலைக்களஞ்சியத்தில் மற்றவர்கள் முதல் பத்தியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள்; அவள் பக்கத்தின் அடியிலிருந்து மேலே படிப்பாள். துறை எழுத்தரான என் பொறுப்பில்தான் நூலகப் பதிவேடும் இருந்தது. அந்தப் பருவத்தில் அவள் வந்தது எழுபத்து மூன்று நாள்.

இறுதியாண்டு அறிக்கைக்கு ஊர் ஆற்றுப்பாலம்தான் தலைப்பு. நீளம் 412 மீட்டர் என்றது கலைக்களஞ்சியம். மற்ற முப்பது பேரும் அப்படியே எழுதினார்கள். அவள் அடிக்குறிப்பைத் தொட்டாள். அது கல்லூரி ஆண்டு மலரில் எங்கள் பேராசிரியர் எழுதிய கட்டுரைக்குக் கொண்டுபோனது. அதில் ஆதாரம் எதுவும் இல்லை. கலைக்களஞ்சியப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தாள். 412 அங்கே ஏறியது, மலர் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு. அடிக்குறிப்பு சேர்ந்ததோ மலருக்குப் பிறகு.

மறுநாள் விடிந்ததும் அவளும் அவள் அப்பாவும் அவருடைய முப்பது மீட்டர் டேப்போடு பாலத்தில் நின்றார்கள். 382 வந்தது. திரும்ப அளந்தார்கள், அதே 382. அதையே எழுதினாள்.

வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் பட்டியல் எழுத நானும் உட்கார்ந்திருந்தேன். தேறாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போகும், கைக்கு வந்திருந்த வேலையும் போகும். பேராசிரியர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, முப்பது பேரும் தப்பு, நீ மட்டும் சரியா என்று கேட்டார்.

“முப்பது பேரும் ஒரே பக்கத்தைப் பாத்துதான் எழுதினாங்க சார்.”

“அதுக்கு அடிக்குறிப்பு இருக்கேம்மா.”

“அது உங்க கட்டுரை சார். நீங்க எதைப் பாத்து எழுதினீங்க?”

என் பேனா நின்றுவிட்டது. வெளித் தேர்வாளர் சிரிப்பை மறைக்க இருமினார். அவள் நீட்டிய தாளிலிருந்த தேதிகளைப் பேராசிரியர் மூன்று முறை பார்த்தார். பிறகு எழுந்து, ஆய்வக டேப்பை எடுக்கச் சொன்னார்.

பதினொன்று இருபதுக்குக் கிளம்பினோம். வகுப்பே பின்னால் வந்தது. பேராசிரியரே டேப்பின் முனையைப் பிடித்துக் குனிந்தார். முப்பது மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு, எண்ணிக்கை நான். பன்னிரண்டாவது கோட்டிலேயே பாலத்தின் முடிவு ஒரு டேப் தூரத்துக்குள் வந்துவிட்டது. மிச்சம் இருபத்திரண்டு மீட்டர்; மொத்தம் 382.

பேராசிரியர் நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“எவனோ ஒரு டேப் கூட எண்ணிட்டுப் போயிருக்கான். நானும் கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டேன்.”

முப்பது பேரும் மறுபடி எழுத வேண்டும் என்றார். “அடிப்பாவி” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பட்டியலைக் கைப்பிடிச் சுவர்மேல் விரித்து, ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது போடச் சொன்னார். ஒன்று எதற்குக் குறைந்தது என்று அவள் கேட்டாள்.

“ரெண்டு மாசமா தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலையே, அதுக்கு.”

“சொல்லியிருந்தா நீங்க அடிக்குறிப்பைக் காட்டியிருப்பீங்க சார்.”

அவர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். நான் நாற்பத்தொன்பதை அடித்து ஐம்பது எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பமும் வாங்கிக்கொண்டேன்.