படிகத்தின் மறுபாதி

டயானாவுக்குப் பெரிய மனசு என்று ஆரணியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று வருடம் ஒரு ஆள்மேல் வஞ்சம் வைத்து, அதைப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் அவள்.

அந்த ஆள் பேராசிரியர் சந்திரமோகன். அவருடைய ஆய்வகத்தில்தான் டயானா பிஎச்.டி. செய்தாள். பிஸ்மத்தையும் செலினியத்தையும் துளி மாங்கனீசோடு குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, நாள்கணக்கில் உலையில் உருக்கிப் படிகம் எடுத்தது அவள். உள்ளே மின்சாரம் ஓடாது, மேல்தோலில் மட்டும் ஓடும் விசித்திரப் பொருள் அது. மாங்கனீசின் காந்தம் அந்த மேற்பரப்பு எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி திறந்துவிட்டது என்று கட்டுரை வந்தது. ஐந்து பேர் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "உலை மூட்டறது உன் வேலை, யோசிக்கிறது எங்க வேலை" என்றார், பாவி மனுஷன். பஸ் ஏறி ஊர் வந்தவள், தறியில் இருந்த அப்பா அமல்ராஜிடம்கூடச் சொல்லாமல் அழுதாள்.

சூடேறினால் அந்தக் காந்தம் போய்விடும். இடைவெளிக்குக் காந்தம்தான் காரணம் என்றால் அதுவும் மூடிக்கொள்ள வேண்டும். சூடாக்கிப் பார்ப்போம் என்று ஆய்வகத்தில் இருந்தபோதே அவள் கெஞ்சியதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஊரிலேயே கல்லூரி வேலை கிடைத்ததும், தன்னிடம் இருந்த படிகத்தின் மறுபாதியை வேறொரு ஆய்வகத்தில் இருந்த தோழி பரிமளாவுக்கு அனுப்பி அளக்கச் சொன்னாள். காந்தம் போன பிறகும் இடைவெளி அப்படியே நின்றது! அந்த வரைபடத்தைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு டயானா காத்திருந்தாள்.

அவள் கல்லூரியின் இந்த வருடக் கருத்தரங்குக்குச் சிறப்பு விருந்தினர் சந்திரமோகனேதான். "பசங்க வாயத் தொறக்காம குந்திகினு இருப்பாங்க மேடம், மொதக் கேள்விய நீங்களே கேட்டுடுங்க" என்றார் துறைத்தலைவர் பச்சையப்பன். அவளுக்கு வாயெல்லாம் பல்.

சிரித்த முகமாக அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினாள். பேச்சு முடிந்ததும் வரைபடத்தைத் திரையில் போட்டாள்.

"காந்தம் போனப்புறமும் இடைவெளி மூடலீங்களே சார். அப்ப அதைத் தொறந்தது எது?"

அவர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். முன்வரிசையில் இருந்த வெளியூர்ப் பேராசிரியர்கள் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். டயானாவுக்கு வயிறு குளிர்ந்தது.

மதியச் சாப்பாட்டில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து குழைந்தார். கட்டுரைக்குத் திருத்தம் போட்டுத்தான் ஆகவேண்டும், அதில் அவள் பெயரையே முதலில் வைக்கலாம், சேர்ந்தே எழுதலாம் என்றார். மூன்று வருடத்துக்கு முன் அவள் கேட்டது அதைத்தான்.

டயானா ரசம் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "பரிமளாவும் நானும் எழுதி அனுப்பிட்டோம் சார். அதுல உங்க பேரு இல்ல."