ஃபேன் ஓட்டையில் உப்புச் சாக்கு

பாத்தித் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலே, உப்பு என்றைக்கு விளையும் என்று சொல்லிவிடுவாள் பாஞ்சாலை. மரக்காணம் உப்பளத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். தை மாசத்துக் கடல்காற்றுக்கு மட்டும் அது தெரியவில்லை. புது வீட்டில் அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிய ஓட்டை வழியாக நுழைந்து, தினமும் காலையில் அவள் பிடரியில் சில்லென்று ஊதியது.

"இரு, உன்னை வச்சிக்கிறேன்" என்று ஒரு காலி உப்புச் சாக்கை ஓட்டையில் திணித்தாள். காற்று கப்சிப்.

அன்றைக்குக் குழம்பு கரித்தது. "உப்பளத்தையே கொட்டிட்டியாடி?" என்றான் புருஷன் சிவப்பிரகாசம். மறுநாள் பாதி உப்புதான் போட்டாள், அப்போதும் கரித்தது. மூன்றாம் நாள் வீம்புக்கு உப்பே போடவில்லை. குழம்பு அமிர்தம்!

"என் கையிலேயே உப்பு ஊறிடிச்சி, இனிமே இது எதுக்கு?" என்று உப்பு ஜாடியைப் பக்கத்து வீட்டு அஸ்வினிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் குழம்பைக் கிளறும்போது மூக்குமேல் ஒரு சொட்டு விழுந்தது. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். அண்ணாந்தாள். சாக்கில் ஒட்டியிருந்த உப்பு ஆவியில் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வயிறு குலுங்கச் சிரித்தாள்.

சாக்கை உருவி எறிந்துவிட்டு, வெளிச்சுவரில் ஓட்டையை மூடுகிற மாதிரி ஒரு தார்ப்பாய்த் துண்டைத் தொங்கவிட்டு, மேல்விளிம்பில் மட்டும் ஆணியடித்தாள். காற்று அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஃபேன் ஓடினால் தூக்கிக்கொண்டது. சுவிட்சைப் போட்டுப் போட்டு வேடிக்கை பார்த்தாள்.

மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்ட சிவப்பிரகாசம் நிமிர்ந்தான். "உப்பே இல்லியேடி!"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அஸ்வினி வீட்டுக்கு ஓடினாள் உப்பளத்துக்காரி.