பிப்ரவரி ஸ்டிக்கர்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் காலை ரயிலேறி மாலூரில் இறங்கும் பெண்களில் கயல்விழியும் ஒருத்தி. அங்கே ஒரு பொம்மைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. சிவப்பு முகமூடி போட்ட கார்ட்டூன் வீரனின் பொம்மையைப் பெட்டிக்குள் நிறுத்தி, தயாரித்த மாதம் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டுவாள். பக்கத்தில் உட்காரும் ஜூடித்தை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அந்த வீரன் கம்பெனிக்குச் சொந்தமில்லை. கார்ட்டூன் எடுத்த நிறுவனம் லைசென்ஸ் கொடுத்திருக்கும்வரைதான் அவனைச் செய்யலாம். மார்ச்சோடு அது முடிந்து, ஓசூர்ப் பக்கம் வேறொரு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. செய்து வைத்த சரக்கைச் சில மாதம் விற்கலாம், புதிதாக ஒன்றுகூடச் செய்யக் கூடாது என்று சூப்பர்வைசர் விநாயக்கே எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

ஆனால் மெஷின் நிற்கவில்லை. மே மாதம் ஒரு காலை, சூடுகூட ஆறாத பொம்மைகள் மேசைக்கு வந்தன. கூடவே வந்த ஸ்டிக்கர்களில் பிப்ரவரி என்றிருந்தது.

கயல்விழி விநாயக்கைக் கூப்பிட்டாள். "சார், இது இன்னிக்கு வந்த மாலாச்சே?"

"ஒட்டும்மா. யாரானா கேட்டா பழைய ஸ்டாக்குன்னு சொல்லு. லைன் நின்னா நீங்கதான் வீட்ல உக்காரணும்."

ஒட்டினாள். அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் புதுக் கார் வந்து நின்றால் எட்டி எட்டிப் பார்த்ததில் ஸ்டிக்கர் கோணிக்கொண்டது. சுரங்கம் மூடிய வருஷம், வேலை போன அப்பா பேச்சே இல்லாமல் கிடந்ததை நினைத்து நினைத்து மிரண்டாள். வேலையும் போகக் கூடாது, மாட்டவும் கூடாது.

"இன்னா ஆச்சு உனக்கு?" என்று கணவன் சஞ்சய் கேட்டபோது சொல்லிவிட்டாள். அவன் முகம் வெளிறியது. "ஒட்டுனது உன் கையி. கேஸுன்னு வந்தா உன்னத்தான் காட்டுவாங்க."

ஒரு மதியம், கார்ட்டூன் நிறுவனத்திலிருந்து ராதிகா என்கிற அதிகாரி சொல்லாமல் வந்து நின்றாள். நேரே மேசைக்கு வந்து ஒரு பெட்டியை எடுத்தாள்.

"இது எப்போ பேக் பண்ணது?"

அவளுக்குப் பின்னாலிருந்து விநாயக் கயல்விழியையே முறைத்தார். ஜூடித் மேசைக்கடியில் அவள் முழங்காலை அழுத்தினாள். பிப்ரவரி என்று சொல்லத்தான் கயல்விழி வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"போன வாரம், மேடம். ஸ்டிக்கர் ஒட்டுனது நான்தான்."

அன்றே லைன் நின்றது. எது பழையது, எது புதியது என்று ஸ்டிக்கரை நம்ப முடியாததால், விற்க அனுமதி இருந்த பழைய சரக்கையும் சேர்த்து நொறுக்கினார்கள். பேக்கிங் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. போலீஸ் வருமென்று கயல்விழி கதவுச் சத்தத்துக்கெல்லாம் பதறினாள். யாரும் வரவில்லை. கடைசியில் ஜூடித்தான் வந்தாள்.

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலக்கா. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா எனக்கு வாயே வந்திருக்காதுடி."

கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பங்காருபேட்டையில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜூடித் எழுந்தாள்.