வண்டி கராஜில், ஸ்டார் இல்லை

சென்னைக்கு வெளியே, ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டு அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு லேப்டாப். அந்த லேப்டாப்புக்குள் ஒரு ரவுடி. பாய்க்கும் தலையணைக்கும் சண்டை வந்ததே இல்லை. எனக்கு இரவு ஷிப்ட், கூடத் தங்கியிருந்தவனுக்குப் பகல் ஷிப்ட், ஓ.டி.யும் சேர்த்து ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். நான் காலை ஏழு மணிக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது அவன் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். மாலையில் அவன் வரும்போது நான் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பேன். நான் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப். அவன் வேறு கம்பெனி, காருக்கு ஹெட்லைட் சேர்க்கிற லைன். நான் ராஜபாளையம் பக்கம், அவன் எட்டயபுரம் பக்கம். ஒரே அறைக்கு வந்து சேர்ந்தும் நாங்கள் முகத்தோடு முகம் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

லேப்டாப் அவனுடையது. பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. சூடு தாங்காமல் அலறும் என்பதால் கவிழ்த்த எவர்சில்வர் தட்டின்மேல் வைத்திருப்போம். அதில் ஓடக்கூடிய பழைய கேம் ஒன்றை ஊர்க்காரன் ஒருவன் பென்டிரைவில் கொடுத்தான். பெரிய நகரம், கடல், பாலங்கள், வானத்தை முட்டும் கட்டடங்கள். அங்கே கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்குகிறான் ஒருத்தன். கார் திருடுவான், அடிப்பான், சுடுவான், கொடுக்கிற வேலைகளை மிஷன் மிஷனாக முடித்துப் பெரிய ஆளாவான். தப்புப் பண்ணினால் திரையின் மூலையில் ஸ்டார் விழும். ஸ்டார் ஏற ஏறப் போலீஸ் ஏறும். ஐந்து ஸ்டார் என்றால் ஹெலிகாப்டரே வந்துவிடும்.

அந்த நகரத்தின்மேல் எங்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். இரண்டு வருடம் இங்கே இருந்தும் நான் சென்னைக்குள் போனது இரண்டே தடவை. அந்த நகரத்திலோ எந்தச் சந்தில் திரும்பினால் எங்கே போய் முட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அங்குள்ள பெயர்கள் வாயில் நுழையாததால் எங்கள் கம்பெனிகளைச் சுற்றியுள்ள இடங்களின் பெயர்களையே வைத்துக்கொண்டோம். பெரிய மேம்பாலம் தண்டலம். துறைமுகத்துக்குப் போகிற லாரி ரோடு ஒரகடம். கடற்கரை மட்டும் பீச். இந்தப் பக்கம் அதற்கு ஈடாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆட்டம் விட்ட இடத்தைப் பதிந்துவைக்க ஆளுக்கொரு சேவ் வைத்துக்கொண்டு தனித்தனியாக ஆடியிருக்கலாம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஒரே ஆள், ஒரே வாழ்க்கை, இரண்டு ஷிப்ட். இதில்தான் தகராறு வந்தது. அவன் ராத்திரி ஊரையே கொளுத்திவிட்டு ஆளை எங்கோ ஒரு முட்டுச்சந்தில் நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுவான். நான் காலையில் ஆசையாகத் திறந்தால் வெறுங்கையோடு கும்பல் நடுவில் நிற்பேன். இரண்டு ஞாயிறு வாய்ச்சண்டை போட்ட பிறகு, கம்பெனியில் செய்வதையே அறையிலும் செய்வதென்று முடிவு செய்தோம்.

கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் நோட்டு எழுத வேண்டும். எந்த மெஷின் தகராறு, எதைக் கவனிக்க வேண்டும் என்று போகிறவன் எழுதுவான். வருகிறவன் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுவான். அதேபோல ஒரு நாற்பது பக்க நோட்டு லேப்டாப்பின்மேல் உட்கார்ந்தது. முதல் பக்கத்தில் அவன் எழுதியது: ‘வண்டி கராஜில், ஸ்டார் இல்லை. பீச் பக்கம் போகாதே, அங்க ஒரு கும்பல் நம்மள வெட்டக் காத்திருக்கு. படகு மிஷன்ல நாலு தடவ செத்துட்டேன், நீ பாரு.’ நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அடியில் எழுதினேன்: ‘படகு முடிஞ்சது. நீ நீச்சல் கத்துக்கிட்டு வா.’

போகப் போக அறைக் கதையெல்லாம் நோட்டுக்குள் வந்துவிட்டது. ‘ரசம் மூடி வச்சிருக்கேன், வாசம் பாத்துட்டுக் குடி.’ ‘மோட்டார் ஓடல, குடத்துல தண்ணி இருக்கு.’ ‘அம்மா உன்னைய விசாரிச்சுச்சு.’ அவன் அம்மா ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் போன் என் கைக்கும் வரும். அவர் என் நம்பரையும் வாங்கி வைத்திருந்தார். எனக்கு அந்த நோட்டு பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், அவனை நேரில் பார்ப்பதைவிட நோட்டில் படிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நேரில் நாங்கள் இரண்டு பேருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

பிறகு ஒரு கட்டத்தில் கதை நகர்வது நின்றுபோனது. நான் காலையில் திறந்தால் எங்கள் ரவுடி மஞ்சள் டாக்ஸிக்குப் பக்கத்தில் சாதுவாக நிற்பான். அந்த கேமில் டாக்ஸி ஓட்டுகிற வேலையும் உண்டு; ஆளை ஏற்றி, கேட்ட இடத்தில் இறக்கிவிட வேண்டும். யாரும் பத்து நிமிடத்துக்குமேல் அதைச் செய்ய மாட்டார்கள். இவன் ராத்திரி முழுக்க அதையே செய்துகொண்டிருந்தான். எவ்வளவு நேரம் ஆடியது, என்ன செய்தது என்று கேமில் ஒரு பக்கம் கணக்குக் காட்டும். அதில் டாக்ஸி சவாரி மட்டும் ஏறிக்கொண்டே போனது. சுட்டது, திருடியது எல்லாம் நான் விட்ட இடத்திலேயே நின்றன.

எனக்கு எரிச்சலாக வந்தது. ‘நீ ரவுடியா, ஆக்டிங் டிரைவரா?’ என்று எழுதினேன். ‘மிஷன் எல்லாம் நீ பாத்துக்கோ. நான் டாக்ஸி ஓட்டுதேன்’ என்று பதில் வந்தது. பகலெல்லாம் லைனில் நின்றுவிட்டு ராத்திரி எட்டு மணி நேரம் இதை ஆடினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? ‘தூங்காம மெஷின் முன்னாடி நின்னா கை போயிரும். ஒழுங்காத் தூங்கித் தொலை’ என்று எழுதினேன். அதற்குக் கையெழுத்து மட்டும் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓ.டி. என்று சொல்லிக் கிளம்ப ஆரம்பித்தான். கொடுத்து வைத்தவன், ஓ.டி.யாகக் கொட்டுகிறது என்று பொறாமைகூடப் பட்டேன்.

ஆதாரில் பெயர் திருத்த ஒரு நாள் செங்கல்பட்டு போக வேண்டியிருந்தது. தூக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரில் உட்கார்ந்திருந்தவன் போட்டிருந்தது அவனுடைய கம்பெனிச் சட்டை. பேச்சுக் கொடுத்தேன்.

“ஹெட்லைட் லைன்ல எட்டயபுரத்துக்காரன் ஒருத்தன் இருப்பானே, தெரியுமா ப்ரோ?”

“ஒசரமா, சுருட்ட முடி? தெரியும் ப்ரோ. அவன் இப்ப இல்லியே. அந்த பேட்ச்சையே நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுது. கான்ட்ராக்ட் முடிஞ்சிச்சின்னு கேட்லயே ஐ.டி. கார்ட வாங்கிகினு அனுப்ட்டாங்க.”

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான். “இன்னா ப்ரோ, ஒனக்கு ஃப்ரெண்டா? ஒன்னாண்ட சொல்லலியா?”

தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டி வைத்தேன்.

ஸ்டேஷனில் அவன் இருந்தான். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், துவைத்த கம்பெனிச் சட்டை, துடைத்த ஷூ. கழுத்தில் ஐ.டி. கார்டின் பட்டை தொங்கியது. அதன் முனையைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தான், கார்டு உள்ளே இருக்கிற மாதிரி. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பன்னிரண்டரைக்கு, அவன் லைனில் சாப்பாட்டுக்கு விடுகிற நேரத்துக்கு, டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். குழாயில் கழுவினான். மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். நான் ஏற வேண்டிய ரயில் வந்து போனது.

நான் கூப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒரே தலையணையில் தலை வைக்கிறவனிடம் சொல்லாமல் அவனுக்கு என்ன வீம்பு? அதே நேரம், இந்தக் கோலத்தில் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் கூசிப்போவானே என்றும் இருந்தது. செங்கல்பட்டு போகாமல் அறைக்குத் திரும்பினேன். இன்றைக்குப் பேசிவிடுவது என்று அன்று ராத்திரிக்கு லீவும் சொன்னேன்.

மாலை ஆறு மணிக்கு வந்தவன் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“நீ போகலையா?”

“லேசாக் காய்ச்சல். டூட்டி எப்படி?”

இதைக் கேட்டிருக்கவே கூடாது. அவனுக்குப் பொய் சொல்ல நானே வழி திறந்துவிட்டேன். “எங்கடே, லைன் பூரா ரிஜெக்‌ஷன். சூப்பர்வைசர் காலையிலேருந்து கத்துதான்” என்று ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான். எந்த பாகத்தில் என்ன கீறல், யார் திட்டு வாங்கினார்கள் என்று விவரமாகச் சொன்னான். நான் உம் கொட்டிக்கொண்டே கேட்டேன்.

தோசை வாங்கி வந்து தின்றுவிட்டு லேப்டாப்பைத் திறந்தோம். அவன் டாக்ஸியை எடுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சிவப்பு விளக்கில் நின்றான். எங்கள் தண்டலம் பாலத்தில் ஓரமாக ஒதுங்கிப் போனான். அந்த நகரத்தில் அப்படி வண்டி ஓட்ட எந்தக் கட்டாயமும் கிடையாது. யாரையும் இடித்துவிட்டுப் போகலாம். ஒரு கிழவியை ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னான், “இந்த ஊர்ல மட்டும் வேல கேட்டு எவன் முன்னாடியும் நிக்க வேண்டாம்டே. வண்டியில ஏறுனா வேல.”

அவன் முகம் திரையைப் பார்த்தே இருந்தது. எனக்காகத்தான் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரியாமல் இல்லை. நாக்கு வரைக்கும் வந்தது. “ஆமாடே” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

மறுநாள் எங்கள் ஷாப் சூப்பர்வைசரிடம் போனில் கேட்டேன். இரண்டு ஆள் தேவைப்படுகிறது, கூட்டி வா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலை பஸ்ஸுக்குக் கிளம்புமுன் நோட்டை எடுத்து எழுதினேன்: ‘உனக்கு வேலை போனது எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல பாத்தேன். கவலைப்படாத, எங்க கம்பெனியில சொல்லியாச்சு. திங்கள்கிழமை வா.’ அவன் வருவதற்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அந்த பஸ்ஸை விட்டிருக்கலாம். எழுதியதே நல்லது, முகத்துக்கு முன்னால் சொன்னால் சங்கடப்படுவான் என்று நினைத்தேன். உண்மையில் சங்கடப்பட்டது நான்தான்.

காலையில் வந்து பார்த்தேன். நான் எழுதியதற்குக் கீழே வழக்கமான கையெழுத்து. அதற்கும் கீழே அவன் ஹேண்ட்ஓவர்: ‘வண்டி கராஜில், ஸ்டார் இல்லை. தோச மாவு இருக்கு.’ அப்பாடா, படித்துவிட்டான், எடுத்துக்கொண்டான் என்று இருந்தது. பல நாளைக்குப் பிறகு அன்று மாலை வரை அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன். எழுந்து சட்டை மாற்றும்போதுதான் ஆணியில் அவன் பை இல்லாததைப் பார்த்தேன். கம்பெனிச் சட்டையை மடித்து என் பெட்டிமேல் வைத்திருந்தான். போன் அணைந்திருந்தது.

ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். கோபம் ஆறினால் வருவான், அதுவரை விட்டுப் பிடிப்போம் என்று ஒன்பது நாள் இருந்துவிட்டேன். பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“ஏய்யா, அவன் போனு என்ன அணைஞ்சே கெடக்கு? ஒரு வாரமாப் போடுதேன்.”

அவன் அங்கே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“போன் ரிப்பேரும்மா. டூட்டிக்குப் போயிருக்கான்.”

“ஞாயித்துக்கெழமையுமா? வேளைக்குச் சாப்பிடுதானா?”

“சாப்பிடுதாம்மா.”

“நீ கூட இருக்கன்னுதான் நிம்மதியா இருக்கேன்” என்றார்.

அந்தப் பொய்யை இரண்டு நாள் வைத்துக்கொண்டு ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்கள் என்று தனியாக அலைந்தேன். மூன்றாம் நாள் அவன் அண்ணனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரவோடு இரவாக பஸ் ஏறி வந்தார். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். இந்த ஒன்றரை வருடத்தில் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அன்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அறைக்கு வந்ததும், தம்பி எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று அண்ணன் கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். பாயில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். படகு மிஷன், கும்பல் என்று வந்ததெல்லாம் அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். ரசத்தைப் பற்றிய வரியில் லேசாகச் சிரித்தார். பிறகு நான் எழுதிய பக்கம் வந்தது. அதை இரண்டு தடவை படித்தார்.

“இது ஒன் எழுத்தா?”

“ஆமாண்ணே.”

“அவனுக்கு வேல போனது ஒனக்கு என்னைக்குத் தெரியும்?”

“முந்தின நாளு.”

“முந்தின நாளு நீ அவனப் பாக்கலியா?”

“பாத்தேன். சாயங்காலத்துலேருந்து ரெண்டு பேரும் இங்கதான் இருந்தோம்.”

அவர் நோட்டை மூடிக் கீழே வைத்தார். என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிஜமாகவே புரியாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டார்.

“ஒரே பாயில ஒண்ணா உக்காந்து இருந்துட்டு, மறுநாளு எழுதியாடே வச்சிட்டுப் போவ?”