சரளா அக்காவிடம் சொல்லாமல் விட்ட வாக்கியம்

சரளா அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு டூட்டிக்கு வரும்போது, பஸ்ஸிலேயே... மாரடைப்பு என்கிறார்கள்.

முப்பத்தொன்பது வயது.

இங்கே ஜெர்மனியில் ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது பாவாவின் போன் வந்தது. அக்காவின் கணவர். அவரை நானும் பாவா என்றுதான் கூப்பிடுவேன்.

"நீ நல்லா எழுதுவன்னு அவ சொல்லிகினே இருப்பா. ஃபேஸ்புக்ல நாலு வரி போடும்மா. அங்க அவ கூட வேலை செஞ்சவ நீ ஒருத்திதான" என்றார்.

சொந்த விஷயம் எதையும் நான் இங்கே எழுதுவதில்லை, உங்களுக்குத் தெரியும். இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் இருவரும் இங்கே ஒரே முதியோர் இல்லத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஊரில் ஒரு பஸ் தூரம்தான், ஆனால் முதலில் பார்த்துக்கொண்டது இங்கே ஏர்போர்ட்டில், பெட்டிக்காகக் காத்திருந்தபோது. "திருத்தணியா? மலை அடிவாரமா, ஸ்டேஷன் பக்கமா?" என்று கேட்டார். பெயரைப் பிறகுதான் கேட்டார்.

அவர் வீட்டில் தெலுங்கு. ஜெர்மன் வார்த்தைகளைத் தெலுங்கு எழுத்தில்தான் குறித்துக்கொள்வார். "உனக்கு ஒரே ஒரு 'க'தான் கீது, எனக்கு நாலு கீது பாத்தியா" என்று என் நோட்டை எட்டிப் பார்த்து வம்பிழுப்பார்.

போன் என்றால்தான் பயம். வார்டில் போன் அடித்தால் துணி அறைக்குள் போய், மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பார். "நீ போய் எடு. மூஞ்சியப் பாத்தா பாதி புரியும், போன்ல மூஞ்சி எங்க கீது?"

வேலையில் அப்படி இல்லை. ஒரு அம்மாவின் குதிகாலில் புண் ஆரம்பிப்பதை எல்லோருக்கும் முன்னால் பார்த்தவர் அவர். சொல்ல வார்த்தை வராமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

மகள் அப்போது ஏழாவது. மொழித் தேர்வு தேறினால் நர்ஸ் வேலை நிலையாகும், பிறகு பாவாவையும் பாப்பாவையும் இங்கே கூட்டிக்கொள்ளலாம். அவர் வந்ததே அதற்குத்தான். ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தேறவில்லை.

போன வருடம் ஆடிக் கிருத்திகை அன்று வார்டு பொறுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க என்னையும்.

அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். வேலை நன்றாக இருக்கிறது, மொழி போதவில்லை. அக்டோபர் தேர்வுதான் கடைசி வாய்ப்பு, தேறாவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது.

அக்கா அன்று விரதம். காலையிலிருந்து வெறும் தண்ணீர் குடித்துவிட்டு எட்டுப் பேரைக் குளிப்பாட்டி முடித்திருந்தார். ஊரில் பாவாவும் பாப்பாவும் காவடிக் கூட்டத்தோடு மலையேறப் போயிருந்தார்கள்.

"இன்னா சொல்றாங்க? மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிகினு கீற?"

"நல்லா வேலை செய்றீங்களாம்க்கா. மொழி இன்னும் கொஞ்சம் படிக்கணுமாம்."

"அவ்ளோதானா?"

"ஆங்... அவ்ளோதான்."

அக்கா எழுந்து அந்த அம்மாவுக்கு ஜெர்மனில் நன்றி சொன்னார். அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரதம் முடிந்து சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் பாப்பா வீடியோ காலில் வந்துவிட்டாள், நெற்றி நிறைய விபூதியோடு. சரி, நாளைக்கு...

செப்டம்பரில் அக்காவே சொன்னார். "அக்டோபர் வேணாம். தையில எழுதிக்கிறேன், அதுக்குள்ள நல்லா படிச்சிடுவேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை நாள் ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். "அக்டோபர்லயே எழுதிடுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"நீ இன்னா எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸா?" என்று சிரித்தார்.

அக்டோபரில் அவர் எழுதவில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று நவம்பரில் கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன், இந்த முறை ஒரு வரி விடாமல்.

கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு, "அன்னிக்கு அந்தம்மா இத சொல்லவே இல்லியே?" என்றார்.

"சொல்லலக்கா" என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லி இருந்தா விழுந்து விழுந்து படிச்சிருப்பேனே. இன்னா மனுசங்க."

கிளம்புகிற நாளில் அந்த அம்மா கை நீட்டினார். அக்கா கை கொடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஊருக்குப் போன பிறகும் வாரம் தவறாமல் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.

நேற்று பாவா இன்னொன்றும் சொன்னார். "நீ இல்லன்னா அங்க ஒரு மாசம் கூட இருந்திருக்க மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாம்மா."

போனில் எனக்கு வாய் வரவில்லை, பாவா.

நாலு வரி கேட்டீர்கள். அந்த அம்மா சொன்னார், நான்தான் அக்காவிடம் சொல்லவில்லை. எழுதியிருந்தால் தேறியிருப்பாரா, தெரியாது. படிக்க இரண்டு மாதம் இருந்தது.

பாப்பாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டாள் என்றால் நான் சொல்லிவிடுவேன்.

அக்கா... போய் வாருங்கள்.