லாபம், ரெண்டு, மூணு

என் மூன்றாம் வகுப்புக்கும் பக்கத்து இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு பிளைவுட் தடுப்புதான். அதன் மேல்மூலை மழையில் உப்பிப் பிய்ந்துபோய், ஒரு கை நுழைகிற அளவு ஓட்டை விழுந்திருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றால் அந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வகுப்பு முழுவதும் தெரியும். அரசாங்கம் எனக்கென்று செய்துகொடுத்த ஜன்னல் அது என்று கேலியாகச் சொல்வேன். ஆனால் அந்த வருஷம் நான் பார்த்ததை வேறு எந்த ஜன்னலிலும் பார்த்திருக்க முடியாது.

அந்த வகுப்புக்கு வந்தவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். தற்காலிக நியமனம். பிள்ளைகள் அவளைச் சின்ன டீச்சர் என்பார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். அவளுடைய தாத்தா காலத்தில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி, நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். போர்ட் பிளேயர் அவளுக்குப் பெரிய பட்டணம். ஜங்லிகாட் சந்தையின் நெரிசலைக் கண்டு முதல் வாரம் சாலையைக் கடக்கவே பயந்தாள். வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் அந்தப் பயமெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது.

வந்த இரண்டாம் நாளே பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து பஸ் ஓட்டினாள். பத்துபஸ்தியில் ஐந்து பேர் ஏறினார்கள். ஜங்லிகாட்டில் மூன்று பேர் ஏறினார்கள், இரண்டு பேர் இறங்கினார்கள். கண்டக்டராக இருந்த பொடியன் எத்தனை பேர் பாக்கி என்று சரியாகச் சொன்னால்தான் பஸ் நகரும், சொல்லாவிட்டால் பயணிகள் அவனைத் திட்டலாம். கூட்டல் கழித்தலைவிடத் திட்டுவதில்தான் பிள்ளைகளுக்கு ருசி என்பது வேறு விஷயம். பிறகு தரையில் சாக்பீஸால் படகு வரைந்தாள். "கப்பல் முழுகுது, போட்டுல நாலு நாலு பேரா ஏறுங்க" என்று விசில் ஊதினாள். மறுநாள் காலையிலேயே ஒரு தாய் வாசலில் வந்து நின்றுவிட்டார். அவர் கணவருக்குக் கப்பலில் வேலை. "விளையாட்டுக்குன்னாலும் முழுகுதுன்னு சொல்லலாமா டீச்சர்?" என்றார். கடலை நம்பிப் பிழைக்கிற ஊரில் அது நியாயமான கேள்வி. அன்றிலிருந்து கப்பல் முழுகவில்லை, கிளம்பியது.

நான் வாய்ப்பாட்டுக் கட்சி. ஈரெண்டு நாலு, மூவிரண்டு ஆறு என்று கூட்டமாகக் கத்தி மனப்பாடம் செய்தவள், செய்யவைத்தவள். இன்றும் பாதி அந்தக் கட்சிதான். ஆகவே தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசிலும் சிரிப்பும் வரும்போது எனக்கு ரத்தம் கொதிக்கும். என் பிள்ளைகள் வாய்ப்பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு ஏக்கமாக அந்தப் பக்கம் பார்ப்பார்கள். தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர், "சத்தம் இருந்தா உசிர் இருக்குன்னு அர்த்தம்மா" என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவள் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ஜங்லிகாட்டில் தேங்காய்க் கிட்டங்கி வைத்திருப்பவரின் மகள். சுற்றுத் தீவுகளிலிருந்து படகில் வரும் தேங்காயை இறக்கி, எண்ணி, கடைகளுக்கு அனுப்புகிற வியாபாரம். பள்ளிக்கூடம் விட்டால் அந்தக் குழந்தைக்குக் கிட்டங்கிதான் வீடு. படுசுட்டி, வாய் ஓயாது. கணக்கு மட்டும் வரவில்லை. படத்தில் எட்டு மீன் இருந்தால் நான்கு என்பாள். பத்து வாழைப்பழத்துக்கு ஐந்து என்பாள். அதுவும் தயங்கித் தயங்கி அல்ல, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அரையாண்டுத் தேர்வில் அந்தச் சிரிப்பே குறைந்த மதிப்பெண்ணாகிவிட்டது.

அவள் அப்பா சின்ன டீச்சரைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஓங்கிய உருவம், மென்மையான குரல். கோபமாக வந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம், அவர் வருத்தமாக வந்திருந்தார். "உங்களக் குத்தம் சொல்லல டீச்சர். இவளுக்கு இங்க படிப்பு ஏறலை. மேன்லேண்ட்ல எங்க அக்கா இருக்கா. அங்க விட்டுப் படிக்க வைக்கலாம்னு இருக்கேன். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் போட்டாச்சு. டி.சி. குடுத்துருங்க" என்றார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏழு வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்துக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்புவதா? சின்ன டீச்சர், "டி.சி. எழுத நாளாகுங்க. அதுவரைக்கும் புள்ளையை அனுப்புங்க, வீட்டுல வச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் போனபின் குழந்தை அவள் புடவையைப் பிடித்து, "நா போமாட்டேன் டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றது. சொல்கிறேன் என்று இவளும் தலையாட்டிவிட்டாள். என்னத்தைச் சொல்லப்போகிறாள் என்று நான் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் ஒரு சாக்கு நிறைய மஞ்சாடி விதை வந்தது. பள்ளிக்குப் பின்னால் மரத்தடியில் சிவப்புச் சிவப்பாகக் கொட்டிக் கிடப்பதைப் பிள்ளைகளே பொறுக்கி வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிடி கொட்டி, எண்ணச் சொன்னாள். எல்லாரும் ஒற்றை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்கள். கிட்டங்கிக்காரர் மகள் மட்டும் இரண்டு கையையும் நீட்டினாள். இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று, இரண்டையும் சேர்த்து அந்தப் பக்கம் போட்டு, "லாபம்" என்றாள். மறுபடி இரண்டு கையிலும் எடுத்துப் போட்டு "ரெண்டு" என்றாள். பிறகு "மூணு." அப்படியே எண்ணிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சிய ஒரு விதையைத் தனியே ஒதுக்கி வைத்தாள்.

"எத்தனம்மா?"

"ஆறு. ஒரு ஒத்தை."

சின்ன டீச்சர் அந்தக் குவியலைத் தானே எண்ணினாள். பதின்மூன்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே தடுப்பைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் வாங்களேன், ஓடி வாங்க" என்று கூப்பிட்டாள். நான் போய் நின்றேன். குழந்தையை மறுபடி எண்ணச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரிலும் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். தேங்காய் எண்ணுகிறவர்கள் கைக்கு ஒன்றாக ஜோடி ஜோடியாகத்தான் வீசுவார்கள், எண்ணுவது ஜோடியைத்தான். பேசத் தெரிந்த நாளிலிருந்து குழந்தை பார்த்த கணக்கு அது. அதற்கு மீனும் ஜோடிதான், வாழைப்பழமும் ஜோடிதான். எங்கள் பள்ளிக்கூடம் முழுவதும் தப்பு என்று சொன்ன பதில்கள் எல்லாம் கிட்டங்கியில் சரியான பதில்கள்.

சின்ன டீச்சர் குழந்தையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். "அக்கா, இந்தப் புள்ளைக்குக் கணக்கு வரலன்னு சொன்னோம். இது ரெண்டாம் வாய்ப்பாட்ட கையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் அழகு. அப்படி எண்ணாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளைக் காட்டி, "இது கிட்டங்கிக் கணக்குல எத்தன?" என்று கேட்டாள். குழந்தை சொன்னது. "இப்ப ஜோடியப் பிரிச்சா, பள்ளிக்கூடக் கணக்குல எத்தன?" குழந்தை ஒவ்வொரு செருப்பாகத் தொட்டு எண்ணிப் பார்த்தது. இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொடவேண்டியிருக்கவில்லை, பிறகு தொடாமலே சொன்னது. இரண்டாம் வகுப்பு முழுவதும் கிட்டங்கிக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. காது, கொலுசு, மாட்டுக்கொம்பு என்று ஜோடியாகக் கிடைத்த எதையும் விடவில்லை. "லாபம், ரெண்டு, மூணு" என்று என் வகுப்பிலும் முனகல் கேட்க ஆரம்பித்தது.

ஜோடி தீர்ந்ததும், ஆட்டோ வந்தது. ரோட்டோர ஜன்னலில் பிள்ளைகளை நிற்கவைத்து, போகிற ஆட்டோவுக்கெல்லாம் சக்கரம் எண்ணவைத்தாள். ஜங்லிகாட் ரோட்டில் ஆட்டோவுக்கா பஞ்சம்? மூன்றாம் வாய்ப்பாடு எங்கள் பிள்ளைகளுக்கு ஆட்டோக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது. ஜீப்புக்கு நான்காம் வாய்ப்பாடு. கிட்டங்கிக்காரர் மகள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றாள், மற்றவர்களைத் திருத்தினாள், அதட்டினாள். அவளைப் பார்த்துச் சிரித்த வாய்களெல்லாம் இப்போது அவளிடம் பதில் கேட்டன. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, கட்சி என்று ஒன்று இருக்கிறதே.

டி.சி. வாங்க அவள் அப்பா வந்த அன்று, சின்ன டீச்சர் அவரை நேராக வகுப்புக்குள் அழைத்துவந்தாள். என் வகுப்பை எழுத்துவேலையில் உட்காரவைத்துவிட்டு நானும் போய் நின்றேன். தரையில் சின்னச் சின்னத் தேங்காய்கள் குவிந்திருந்தன. "சார், நீங்க எண்ணிக் காட்டுங்க. கிட்டங்கியில எண்ற மாதிரியே" என்றாள். அவர் கூச்சப்பட்டார். பிள்ளைகள் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். தேங்காய் கைக்கு வந்ததும் கூச்சம் போய்விட்டது. "லாபம்... ரெண்டு... மூணு..." கையும் குரலும் ஒன்றாக ஓடின. பன்னிரண்டில் நின்றது. ஒரு காய் மிஞ்சியது. "பன்னெண்டு, ஒரு ஒத்தை" என்றார்.

"பள்ளிக்கூடக் கணக்குல இருவத்தஞ்சு" என்றாள் மகள், அவர் முழங்காலை நிமிர்த்துவதற்குள்.

மற்ற பிள்ளைகள் பாய்ந்துபோய் ஒவ்வொன்றாக எண்ணி, இருபத்தைந்துதான் என்று கத்தினார்கள். அவர் மகளையே பார்த்தார். நம்பமுடியாத முகம். யாரோ சொல்லிக்கொடுத்து வைத்தது என்று நினைத்திருப்பார் போல. வியாபாரியல்லவா, மடக்கிப் பார்த்தார். "சரிட்டி. இதே மாதிரி இன்னொரு குவியல் வந்திருக்கு. ரெண்டு குவியலையும் சேத்தா எத்தன?"

குழந்தை கண்ணை மூடியது. உதடு மட்டும் அசைந்தது. சின்ன டீச்சர் என் கையைப் பிடித்து நெரித்ததில் வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. இதை அவள் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"பன்னெண்டும் பன்னெண்டும் இருவத்திநாலு ஜோடி. அந்த ஒத்தையும் இந்த ஒத்தையும் சேந்துக்கிட்டா அதுவும் ஒரு ஜோடி. இருவத்தஞ்சு ஜோடி. பிரிச்சா அம்பது" என்றது குழந்தை. சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து, "சரியாப்பா?" என்று கேட்டது.

அவர் தேங்காய் நார் ஒட்டிய கையால் மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "நா எண்ற மாதிரியேல்லா எண்ணிருக்கா" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு சின்ன டீச்சரைப் பார்த்து, "டி.சி.யில பெரிய சார் கையெழுத்துப் போட்டுட்டாரா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். "அப்பம் போட வேண்டாம்" என்றார். பிள்ளைகளுக்கு என்ன புரிந்ததோ, ஓவென்று கத்தினார்கள். அந்தக் கூச்சலில் என் குரலும் இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் தடுப்போரம் கூடி, ஓட்டை வழியாக ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். திட்டவில்லை.

பிறகு சின்ன டீச்சர் நிரந்தர வேலை கிடைத்து, தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பெல் பே ஊருக்குப் போய்விட்டாள். நெட்வொர்க் கிடைக்கும் நாளில் கூப்பிடுவாள், பின்னால் எப்போதும் சத்தம்தான். பிளைவுட் தடுப்பு போய்ச் சுவர் வந்துவிட்டது. இன்று நான் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு ஒன்றுதான் சொல்கிறேன்: குழந்தை தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள், அது எந்தக் கணக்கில் சரி என்று முதலில் பாருங்கள். கிட்டங்கிக்காரர் மகள் இப்போது மேல்வகுப்பில் படிக்கிறாள். என்னைச் சந்தையில் கண்டால் ஸ்கூட்டரை நிறுத்திப் பேசுகிறாள். வாய் இன்னும் ஓயவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது கப்பல் கிளம்பிய அந்த மத்தியானம்தான். போட்ட டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று அவள் அப்பா மட்டும் தன் அக்காவைப் பார்த்துவரக் கிளம்பியிருந்தார். ஹாடோ துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பலின் ஹாரன் எழுந்தபோது நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். குழந்தை அழுமோ என்று ஒரு பயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அவளை இடித்து, "ஏ, தேரா ஜஹாஜ் ஜா ரஹா ஹை" என்றான். உன் கப்பல் போகுது பார் என்று வம்பு. எங்கள் பிள்ளைகள் வம்புக்கென்றால் ஹிந்திக்குப் போய்விடுவார்கள். அவள் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"ஜானே தோ, போனா போகட்டும். அஞ்சு நண்டுக்கு எத்தன காலு, மொதல்ல அதச் சொல்லு."